பலாக்கொட்டைக்குக் குரல் கொடுத்தவள்

உங்கள் பள்ளிக்கும் டேப் என்கிற கைக்கணினி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பயிற்சியும் முடிந்திருக்கும். எதைத் தொட்டால் எது திறக்கும், எப்படிச் சார்ஜ் போடுவது, உடைந்தால் யாருக்கு எழுதுவது எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. இளம் ஆசிரியர்களான உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். போன வருடம் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியையிடம் இருப்பது வேறு சரக்கு. அந்தக் கருவியால் ஒரு பிள்ளைக்கு வாய் திறந்ததையும், அதே கருவியை வைத்துப் பெரியவர்கள் அந்த வாயை அடைத்ததையும் கண்ணால் பார்த்தவள் நான். படித்தால் உற்சாகம் வராது. வரவேண்டும் என்று எழுதவும் இல்லை.

கொல்லிமலையில், குண்டனி நாடு என்கிற ஊராட்சியில், ஈராசிரியர் பள்ளி. நான் துறையூர்ப் பக்கத்துக்காரி. என்னோடு வேலை பார்த்த பிரகாஷ் ராசிபுரத்துக்காரன், இளைஞன், கெட்டிக்காரன். பள்ளியைச் சுற்றி மரவள்ளிக் காடு, அதற்கப்பால் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். நெட்வொர்க் வேண்டுமென்றால் மேட்டு வளைவுவரை நடந்துபோய் நிற்க வேண்டும்.

டேப்புகள் வந்த புதிதில் பிள்ளைகள் அதைச் சாமி படம் போலத் தொட்டுக் கும்பிட்டார்கள். உள்ளே ஏற்றியிருந்த பாடங்களைப் போட்டோம். ரயில் நிலையம், போக்குவரத்து விளக்கு, கடற்கரையில் சுண்டல் விற்பவர். முதல் முறை வாய்பிளந்து பார்த்தார்கள். அப்புறம் போட்டபோது ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் எழுதினாலும் திரையில் காட்டினாலும் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது சம்பந்தமில்லாததுதான் என்று பிள்ளைகளுக்கு நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

அந்த மழைக்காலத்தில்தான் பிரகாஷ் ஒன்று கண்டுபிடித்தான். டேப்பின் கேமராவால் ஒரு பொருளைப் படம் எடுப்பது, கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி எடுப்பது. எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் அந்தப் பொருள் தானாக நடக்கும். பிள்ளைகளிடம் காட்டினோம். மறுநாள் ஆளுக்கொரு கை பலாக்கொட்டையோடு வந்தார்கள். கரித்துண்டால் கண், மூக்கு, மீசை வரைந்தார்கள். முறத்தைக் கவிழ்த்து மலையாக்கினார்கள். தீப்பெட்டி பஸ் ஆனது. கதையும் அவர்களுடையதுதான். பலாக்கொட்டைகள் பஸ் ஏறிக் கீழே சந்தைக்குப் போகின்றன. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் ஒரு கொட்டை வாந்தியெடுக்கிறது. வாந்திக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்துவைத்தார்கள். கணக்குக்கும் வழி கிடைத்தது. ஏறினவர்கள் எத்தனை பேர், இறங்கினவர்கள் எத்தனை பேர், மிச்சம் யார் என்று கூட்டல் கழித்தல் முழுவதையும் அந்தப் பஸ்ஸிலேயே நடத்தி முடித்தோம்.

படம் தயார். குரல் வேண்டும். கண்டக்டர் கொட்டைக்கு யார் பேசுவது என்று ஒரே சண்டை. அப்போது நான்காம் வகுப்புப் பூங்கொடி என் புடவையை இழுத்தாள்.

பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வந்துவிடும். அப்பா கேரளத்தில் எஸ்டேட் வேலை. அம்மா மரவள்ளியும் மிளகும் பார்த்துக்கொண்டு ஊரில். பள்ளியில் சேர்த்த அன்றே அந்த அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க டீச்சர், அவள எந்திரிச்சுப் படிக்கச் சொல்லீறாதீங்க. ஊட்டுக்கு வந்து சோறு திங்க மாட்டேங்கறா." நானும் சொல்லவில்லை. நன்றாக எழுதுவாள். கேள்விக்குப் பதில் சிலேட்டில் வரும். பேச்சு வராது.

அவள் என் புடவையை இழுத்து, டேப்பைக் காட்டி, சத்துணவுக் கூடத்தின் பின்பக்கத்தைக் காட்டினாள். எடுத்துப் போகச் சொன்னேன். விறகு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு வார்த்தை பேசுவாள், போட்டுக் கேட்பாள், அழிப்பாள், மறுபடி பேசுவாள். திக்கினால் அழித்துவிடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும், யாரும் பார்க்காமல். அவள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவளுக்குக் கொடுக்காத வசதி அது. நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

துண்டு துண்டாகப் பேசியதைப் பிரகாஷ் அடுத்தடுத்துச் சேர்த்து ஓடவிட்டான். மீசை வைத்த பலாக்கொட்டை வாய் திறந்தது.

"ஏனுங்க, வாந்தி வாரவங்க எல்லாம் ஜன்னப் பக்கம் வந்துருங்க! எம் மேல எடுத்தீங்கன்னா டிக்கெட்டு ரெண்டு மடங்கு!"

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. குரல் அப்படியே எங்கள் ஊர் பஸ் கண்டக்டர். சிரித்து ஓய்ந்த பிறகு ஒருத்தி கேட்டாள், "யாரு டீச்சர் பேசினது?" பூங்கொடி கை தூக்கினாள். யாரும் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். அவள் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்த முகத்தை என்னால் எழுத முடியாது. அப்படி ஒரு முகத்தை வேறு பிள்ளையிடம் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த வருடப் பாடப்புத்தகம் முழுவதையும் அவள் பதிவு செய்தே வாசித்தாள். நான் சாயங்காலம் உட்கார்ந்து கேட்பேன். பின்னால் கோழி கொக்கரிக்கும், மழை கொட்டும், நடுவில் அவள் குரல் தெளிவாக வரும். மற்ற பிள்ளைகளும் பதிவு செய்யப் பழகினார்கள். தாங்களும் தப்பும் தவறுமாகப் பேசி அழித்துத் திருத்திக்கொண்டதால், நேரில் அவள் திக்கும்போது சிரிக்காமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். மெல்ல மெல்ல அவள் நேரிலும் பேச ஆரம்பித்தாள். திக்கல் குணமாகவில்லை. திக்கிக்கொண்டே பேசினாள். எனக்கு அது போதும். அந்த டேப் வேறொன்றும் செய்யாமல் உடைந்துபோயிருந்தாலும் வாங்கியதற்குப் பலன் வந்துவிட்டது என்றுதான் சொல்வேன். அப்போதே உடைந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசிப்புத் தேர்வு வந்தது. பிள்ளை டேப்புக்கு முன்னால் உட்கார்ந்து திரையில் வரும் பத்தியைப் படிக்க வேண்டும். இயந்திரம் கேட்டு நிறம் காட்டும். பச்சை என்றால் நன்று, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் அதுவே மூடிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடும். நான் ஒரு கூட்டத்துக்காக மலையிறங்கிப் போயிருந்த நாளில் பிரகாஷ் ஒத்திகை பார்த்திருக்கிறான். பூங்கொடிக்குச் சிவப்பு. மறுபடி முயன்றிருக்கிறாள். சிவப்பு. எத்தனை முறை கெஞ்சிக் கேட்டு உட்கார்ந்தாலும் சிவப்பு, கூடவே அழும் பொம்மை முகம். நான் திரும்பி வந்தபோது அவள் டேப்பைத் தொடுவதை நிறுத்தியிருந்தாள்.

"அதுக்குக் காது கொஞ்சம் மந்தம் கண்ணு. உம்மேல தப்பில்ல" என்று பலமுறை சொல்லித்தான் மறுபடி எடுக்கவைத்தேன்.

அந்தச் சமயத்தில் பலாக்கொட்டைப் படம் ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. பிரகாஷ் ஆசிரியர் குரூப்பில் போட்டிருந்தான். யார் யாரோ பாராட்டினார்கள். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பிடித்திருந்தால் எங்களுடையது மாதிரிப் பள்ளி. இணைய இணைப்பு வரும், பிள்ளைக்கு ஒரு டேப் கிடைக்கும், பிரகாஷுக்கு விருது. அவனுக்கு விருது முக்கியம். அவன் அப்பா படுத்த படுக்கை. விருது வாங்கியவர்களுக்கு இடமாறுதலில் முன்னுரிமை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் வருகிற அன்று வாசிப்புத் தேர்வையும் பார்ப்பார்கள். எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும்.

பிரகாஷ் தயங்கித் தயங்கி வந்தான். "டீச்சர், பூங்கொடிய அன்னைக்கி மட்டும் லீவு போடச் சொல்லீரலாங்களா?"

"படத்துல பேசினதே அவதான். அவளையே வராதேங்கறதா?"

"அப்ப இன்னொரு வழி இருக்குதுங்க. அவ பதிவு பண்ணி வெச்சிருக்கறத இன்னொரு டேப்புல போட்டு, தேர்வு டேப்புக்குக் கேக்க வெச்சுட்டாப் பச்ச வந்துரும். அவ கொரல்தானுங்களே? பொய்யா?"

தடுமாற வைக்கும் இடம் இதுதான். நாளைக்கு உங்களுக்கும் வரும், வேறு உருவத்தில். அவன் கேட்டதில் ஞாயம் இல்லாமல் இல்லை. அவள் குரல்தான். அவளுக்குப் படிக்கத் தெரியும். இயந்திரம் சொல்வதுதான் பொய். ஆனால் அப்படிப் பச்சை வாங்கினால், அந்தப் பிள்ளை தன் குரலை ஒளித்து ஏமாற்றித்தான் உள்ளே நுழைய முடியும் என்று நாங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகும். வேண்டாம் என்றேன். அதிகாரியிடம் நேராகச் சொல்லிவிடலாம், இந்தப் பிள்ளை பதிவு செய்துதான் படிக்கும், பதிவைக் கேளுங்கள் என்று. மனிதர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

பூங்கொடியின் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். மிளகு காயப்போட்டிருந்த பாயின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டாள். "நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். ஆனா அத்தினி பேரு முன்னால அவளப் பேசச் சொல்ல வேண்டாமுங்க." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரித்த முகம். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார். கண்டக்டர் பேசியதும் தொடையில் தட்டிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அந்தக் கண்டக்டர்?"

எல்லாக் கையும் பூங்கொடியைக் காட்டின.

"வாம்மா, வா. எங்க, நேர்ல ஒரு தடவ சொல்லு பார்ப்போம்."

நான் எழுந்தேன். "சார், அவளுக்குத் திக்கும். பதிவு பண்ணிப் படிப்பா. புத்தகம் முழுக்கப் பதிவு இருக்குது, போட்டுக் காட்டறேன்."

"பதிவு இருக்கட்டும் டீச்சர். டேப் முன்னாடி ரெண்டு வரி படிக்கட்டும். குழந்தைக்குத் தைரியம் வர வேண்டாமா?"

"நேர்ல படிக்கச் சொல்ல மாட்டேன்னு அவங்க அம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"அப்ப இந்தக் குரல் இந்தப் பொண்ணோடதுதான்னு நான் எப்படி நம்பறது?"

என்னிடம்தான் கேட்டார். கேட்டது பூங்கொடிக்கு. அவள் எழுந்துவிட்டாள். நான் தடுக்கக் கை நீட்டினேன். விலக்கிவிட்டுப் போய்த் தேர்வு டேப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையில் பத்தி வந்தது. முதல் வார்த்தை 'பறவைகள்'.

"ப்... ப்... ப்..."

எங்கள் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரியவில்லை. டொய்ங் என்று மூடிக்கொண்டு அழும் பொம்மையைக் காட்டியது. கூட வந்தவர்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பூங்கொடி மறுபடி தொட்டாள். மறுபடியும் 'ப்'. செல்போன் பிடித்தவர் நெருங்கி வந்தார். நான் போய்த் திரையின் மேல் கையை வைத்து மூடினேன். "போதும் சார்" என்றேன். அதிகாரி அவள் தலையைத் தடவி, "நல்லா முயற்சி பண்ணணும், என்ன?" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

அந்தச் செல்போன் படம் யார் அனுப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. முதலில் ஆசிரியர் குரூப்புகளில் வந்தது, கீழே சிரிக்கும் பொம்மைகளோடு. பிறகு ஊருக்குள். பிறகு கேரளத்துக்கு. பூங்கொடியின் அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் அவரிடமே காட்டிச் சிரித்திருக்கிறார்கள், அவர் மகள் என்று தெரியாமல்.

அடுத்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆசிரியர்களே படமும் குரலும் தயாரித்து மாணவர் படைப்பு என்று காட்டியதாகச் சந்தேகம் எழுந்துள்ளது என்றது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மலையில் வேலை பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் செய்ததை ஆசிரியர் செய்ததாகச் சொல்லி ஆசிரியரைக் குற்றம்சாட்டிப் பார்த்தது அதுவே முதல் தடவை. மலைப்பிள்ளைகளால் இது முடியாது என்ற நினைப்பைத் தவிர அந்தச் சந்தேகத்துக்கு ஒரு ஆதாரமும் இல்லை.

உள்ளதை உள்ளபடி நான் பதில் எழுதினேன். பதிவுகள் முழுவதையும் சேர்த்து அனுப்பினேன். அவற்றை யாராவது கேட்டார்களா என்று தெரியாது. பிரகாஷ் தனியாக ஒரு பதில் எழுதியிருந்தான். குரல் தன் உறவுக்காரப் பெண்ணுடையது, ஆர்வக்கோளாறில் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று.

"ஏன் பிரகாஷ்?"

"மன்னிப்புக் கேட்டா அத்தோட முடிச்சுக்கறோம்னு சொன்னாங்க டீச்சர். உண்மைன்னு நின்னா விசாரணை வருசக்கணக்குல போகுமாம். எங்கப்பாவுக்கு வருசமெல்லாம் இல்லீங்க." அழுதான். "அவ கொரலுன்னு நமக்குத் தெரியுமில்லீங்க டீச்சர்?"

நமக்குத் தெரியும். அவனை நான் திட்டவில்லை. அவனோடு அதற்குப் பிறகு பேசவும் இல்லை. இரண்டுமே சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் பதிலில் நானும் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம் என்றார்கள். போட மாட்டேன் என்றேன். ஓய்வு பெறுகிற நாள்வரை விளக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் ஒரே பதிலை எழுதிக்கொண்டே இருந்தேன்.

விசாரிக்க வந்தவர் நேராகப் பூங்கொடி வீட்டுக்கே போய், அவள் பக்கத்தில் இருக்கும்போதே, "பேசினது உங்க பொண்ணு இல்லியாமே, சாரே எழுதிக் கொடுத்துட்டாரே" என்று கேட்டிருக்கிறார். மறுவாரம் அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"சர்டிபிகேட்டு வாங்கிக்கலாமுன்னு வந்தேனுங்க. புளியஞ்சோலப் பக்கம் எங்கப்பா ஊட்டுல, அவ அப்புச்சிகிட்ட உட்டுப் படிக்க வெக்கறோமுங்க. இங்க வேண்டாமுங்க."

"அவ நல்லாப் படிக்கறவம்மா."

"தெரியுமுங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க, காப்பாத்தவும் பாத்தீங்க. அவளும் சொன்னா. ஆனா முடியலீங்களே." தாளை வாங்கிக்கொண்டு போனாள்.

டேப்புகளில் கேமராவையும் குரல் பதிவையும் மேலிருந்தே முடக்கிவிட்டார்கள், தவறாகப் பயன்படுத்தப்படுவதாகச் சொல்லி. பாடமும் தேர்வும் மட்டும் திறக்கும். பிள்ளைகள் மறுபடி ரயில் நிலையம் பார்த்தார்கள். பிரகாஷுக்கு இடமாறுதல் கிடைத்தபோது அவன் அப்பா இறந்துபோயிருந்தார். மாதிரிப் பள்ளி விருது வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே எல்லாம் பச்சை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் புளியஞ்சோலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மனசு கேட்காமல் அவள் படிக்கும் பள்ளியை விசாரித்துக்கொண்டு போனேன். அங்கிருந்த ஆசிரியை நல்ல மாதிரி. பூங்கொடியைப் பார்க்கணும் என்றதும், "அந்த வாய் பேசாத பொண்ணுங்களா?" என்றாள்.

"அவ பேசுவாளேம்மா."

"இல்லீங்களே. வந்ததுலருந்து ஒரு வார்த்த பேசினதில்லீங்க. பிறவியிலேயே அப்படின்னு நெனச்சோம். காது கேக்குது, அதான் ஆச்சரியம்."

கூட்டிவரச் சொன்னேன். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. நடந்து வந்து கிட்டத்தில் நின்றாள். சாப்பிட்டாயா, அம்மா வந்தாளா, என்ன பாடம் பிடிக்கிறது என்று ஏதேதோ கேட்டேன். தலையாட்டினாள். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் ஓடினார்கள். நான் கிளம்பத் திரும்பியபோது என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. ஆசிரியை பதறி ஏதோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். மைதானம் காலியாகிவிட்டது. காத்திருந்தேன்.

"அ... அ... அந்தக் கண்டக்டரு..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ந்... ந்... நாந்தானுங்களே டீச்சர்?"

உறுதி செய்துகொள்ளக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை பெரியவர்கள் இல்லை என்று எழுதிக்கொடுத்த பிறகு, அந்தக் குரலை ஒரு காலத்தில் தான் பேசினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

"நீதான் சாமி. நீயேதான். நான் பாத்தேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். என் மனசு நோகக்கூடாது என்பதற்காக ஆட்டியது போல இருந்தது. பிறகு புடவையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.